பைபர் படகின் அடிப்பகுதிக்கு பெயின்ட்: முதலில் மெழுகை எடுங்கள்

படகைக் கரையேற்றியதும் டப்பாவைத் திறந்து ரோலரை முக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். நான் முதல் தடவை அடித்தது இரண்டே மாதத்தில் பாளம் பாளமாக உரிந்து வந்தது. பெயின்ட்டில் குறையில்லை, அடியில் மெழுகு இருந்தது: படகு அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவியது.

முதல் வேலை சுரண்டல். பாசியையும் கொட்டலசுகளையும் ஈரம் காய்வதற்குள் எடுத்துவிடுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும். அப்புறம் உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

அடுத்தது மெழுகு. உப்புத்தாள் போட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும் என்று நினைக்காதீர்கள், தேய்க்கத் தேய்க்க கீறல்களுக்குள்தான் இறங்கும். மெழுகு நீக்கும் கரைப்பானை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது காய்வதற்குள் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தாமரை இலையில் மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் மெழுகு இருக்கிறது, படலமாகப் பரவி வழிந்தால் சரி.

இப்போது 80 நம்பர் உப்புத்தாள், பளபளப்பு முழுதும் போகும்வரை. பாசி பிடிக்காமலிருக்க அடித்த பழைய பெயின்ட் இருந்தால் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், அந்தத் தூசி விஷம். முகமூடி, கண்ணாடி கட்டாயம். கொப்புளம் தெரிந்தால் உடைத்து, கழுவி, நன்றாகக் காயவிட்டு எபாக்சி பட்டி வையுங்கள். வெடிக்கும்போது கண்ணில் தெறிக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

எபாக்சி பிரைமரின் இரண்டு பாகத்தையும் அளந்து கலக்குங்கள், கண்ணளவு வேண்டாம். பிரைமரின் கடைசிப் பூச்சு முழுதாகக் காய்வதற்கு முன் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள்: ரேகை பதிய வேண்டும், விரலில் பெயின்ட் ஒட்டக் கூடாது. பாசித் தடுப்பு பெயின்ட்டின் முதல் பூச்சை ஆரம்பிக்கும் நேரம் அதுதான். தவறவிட்டால் மறுபடி தேய்க்கத்தான் வேண்டும்.

பாசித் தடுப்பு பெயின்ட்டில் செம்புத்தூள் அடியில் தங்கியிருக்கும், அடிவரை கிளறுங்கள். இரண்டு பூச்சு, முதல் பூச்சு வேறு நிறத்தில். பின்னால் அந்த நிறம் எட்டிப் பார்த்தால் மேல் பூச்சு தேய்ந்துவிட்டது என்று தெரியும். நீர்மட்டக் கோட்டிலும் சுக்கானின் முன்விளிம்பிலும் இன்னொரு பூச்சு. மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாங்கள் அரிபடும் துத்தநாகக் கட்டிகள் மேல் பெயின்ட் படவே கூடாது, பட்டால் அவை வேலை செய்யாது. அலுமினியப் படகென்றால் செம்பு கலந்த பெயின்ட் பக்கமே போகாதீர்கள், உலோகத்தை அரித்துவிடும்.

முட்டுக்கட்டைகள் இருந்த இடம் பூச்சில்லாமல் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாக, படகு சாயாதபடி நகர்த்தி அங்கேயும் அடித்துவிட்டு, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் கழித்து இறக்குங்கள்.