மாலை போட்ட கையோடு: நினைவு நாளில் ஒரு பயிற்சி

ரங்கூனில் எங்கள் இலவச ஆம்புலன்ஸை ஓட்டிய அண்ணன், நெடுஞ்சாலை விபத்தில் தொடையில் வெட்டுப்பட்டு ரத்தம் போயே இறந்தார். சுற்றி நின்ற ஆண்கள் எல்லோர் இடுப்பிலும் லுங்கி இருந்தது. ஒன்றைக் கிழித்து இறுக்கிக் கட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. அதனால் அவர் நினைவு நாளில் அன்னதானத்துக்கு முன் தொண்டர்களுக்கு ரத்தத்தை நிறுத்தும் பயிற்சி வைக்கிறோம். உங்கள் ஊரிலும் வைக்க நினைத்தால், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

படத்துக்கு மாலை, ஒரு நிமிட மௌனம், பெரியவர் ஒருவரின் பேச்சு, எல்லாம் சேர்த்து 15 நிமிடம். முதல் வருடம் பேச்சே மதியம் வரை போனது. வந்த பையன்கள் காயத்தில் வைக்கும் காஸ் துணியைத் தொடாமலே சாப்பிட்டுப் போனார்கள். புரொஜெக்டரை நம்ப வேண்டாம், கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? சொல்லித்தர, அடிபட்டவர்களைத் தினமும் பார்க்கும் டாக்டரையோ நர்ஸையோ கூப்பிடுங்கள்.

காயத்துக்கு இறைச்சித் துண்டு வைத்துப் பழகுவது வழக்கம். எங்களுடையது கோயில் மண்டபம், ஆகாது. வாழைத்தண்டில் இரண்டு விரல் நுழையும் அளவு குடைந்து, அடியில் ஒரு மெல்லிய ரப்பர் குழாயைச் செருகி, ரோஸ் சர்பத் கலந்த தண்ணீரை பாட்டிலிலிருந்து விடுவோம். சர்பத் ஊறி வரும் இடத்தை விரலால் தேடி, அங்கிருந்து காஸை அடைத்துக்கொண்டே வந்து, மேலே இரண்டு கையாலும் அழுத்த வேண்டும். கடிகாரம் பார்த்து 10 நிமிடம். நடுவில் எடுத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். எடுத்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கட்டும்.

அப்புறம் லுங்கி. மூன்று விரல் அகலத்துக்கு மடித்த பட்டை. காயத்துக்கு மேலே, உடம்பின் பக்கமாக 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டின் மேல் படாமல் கட்டு. வெறும் முடிச்சு போதாது. குச்சியைச் செருகி, ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, குச்சி திரும்பாதபடி கட்டிவிட வேண்டும். வலியில் கத்துவார், அதற்காகத் தளர்த்தக் கூடாது. கட்டிய நேரத்தை நெற்றியில் எழுதுங்கள். கயிறும் கம்பியும் வேண்டாம், சதையை அறுக்கும்.

2025 மார்ச் 28-இல் மண்டலே பக்கம் 7.7 அளவில் நிலம் நடுங்கிய பிறகு, இடிபாட்டில் சிக்கியவர்களைப் பற்றியும் சேர்த்தோம். தூணைத் தூக்கி ஆளை உடனே இழுத்துவிடத்தான் மனசு துடிக்கும். ஆனால் கால் 1 மணி நேரத்துக்கு மேல் நசுங்கிக் கிடந்தால், தசை சிதைந்து தேங்கிய பொட்டாசியம், பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்ற வேண்டும், அது தெரிந்தவர் செய்கிற வேலை. தொண்டர் கேட்க வேண்டியது, "எவ்வளவு நேரமாச்சு?" பதிலை டாக்டருக்குச் சொல்லிவிட்டு, ஆளோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இதை மேஜையடியில் ஒருவரைப் படுக்க வைத்து, மேலே அரிசி மூட்டை போட்டு நடித்துக் காட்டுகிறோம். சிரிப்பு வரும், பரவாயில்லை.

பந்தி முடிந்ததும் வண்டிப் பையைத் திறந்து பாருங்கள். எங்கள் பையில் காஸ் நிறைய இருந்தது. லுங்கியை வெட்டக் கத்தரிக்கோல் இல்லை.