மஞ்சள் விளக்கும் ஒரு பச்சை வயரும்

மழையில் பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டும்போது, டாஷ்போர்டில் வழுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. கூடவே, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும். சர்வீஸ் சென்டரில் பார்க்காமலேயே "யா சென்சர் போயிருக்கும், மாத்திடலாம்" என்றார்கள். கார் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் சென்சர் அது. மனசு ஒப்பவில்லை.

என்னிடம் இருந்த மலிவு ஸ்கேனர் இன்ஜினின் பழுதுக் குறியீடுகளை மட்டும்தான் படிக்கும். அல்சூரில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவருடைய ஸ்கேனர் இடது முன்சக்கர வேக சென்சரைக் காட்டியது. உடனே மாற்றவில்லை, நல்ல மனிதர். "நான் ஸ்கிரீனைப் பாக்குறேன், நீங்க மெதுவா வட்டம் அடிங்க தம்பி" என்றார். நேராகப் போனால் நான்கு சக்கரத்தின் வேகமும் 12, 13 என்று ஒன்றாக ஓடின. வலதுபக்கம் முழுசாக ஒடித்ததும் இடது முன்சக்கரம் மட்டும் பொத்தென்று 0.

அப்படியென்றால் ஸ்டியரிங்கோடு வளையும் வயர்தான். சக்கரத்தைக் கழற்றினோம். வயரைப் பிடிக்கும் கிளிப் உடைந்து, டயர் உரசி, தோல் உரிந்து, செம்பு பச்சை பூத்திருந்தது. யா சென்சர் பாவம், அதன் பாட்டுக்கு இருந்தது.

ஜே.சி. ரோட்டில் வயரோடு சேர்ந்த சென்சர் கிடைத்தது. புதுக் கிளிப்பும் போட்டு, பழுதுக் குறியீட்டை அழித்து, அல்சூர் ஏரியை ஒரு சுற்று சுற்றினோம். விளக்கு வரவில்லை.