வாளையார் தாண்டிக் கேரளத்துக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா?

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கிற எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பங்களுக்கு மலையாள வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வருவது புதிதில்லை. பொள்ளாச்சி, கோயமுத்தூரிலிருந்து சொந்தக்காரர்களும் கூட வருவார்கள். அவர்கள் அங்கே தடுமாறுவதைப் பார்த்தால், நாம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று இருக்கும்.

முக்கியமானது நேரம். நம் கல்யாணத்தில் அரை மணி பிந்திப் போனாலும் மேடையில் ஏதாவது சடங்கு நடந்துகொண்டிருக்கும். நாயர் வீட்டுக் கல்யாணம் அப்படியில்லை. நிலவிளக்கு எரியும், நெல் நிறைத்த பறையில் (அளக்கிற மரக்கால்) தென்னம்பூக்குலை நிற்கும். தாலி கட்டி, மாலை மாற்றி, புடவை கொடுத்து, பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுத்து, மண்டபத்தை மூன்று சுற்றுச் சுற்றினால் பெரும்பாலும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். குருவாயூரில் இன்னும் வேகம். 2024 செப்டம்பர் 8 அன்று ஒரே நாளில் 300-க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. அங்கே கொஞ்சம் பிந்தினாலும் அடுத்த ஜோடி மேடையேறியிருக்கும்.

இதிலிருந்துதான் இன்னொரு தவறும் வருகிறது. தாலி கட்டி முடிந்ததும், "இவ்வளவுதானா? மந்திரம் இல்லையா, ஹோமம் இல்லையா?" என்று சத்தமாகக் கேட்பது. பாலக்காட்டுக்காரர்களுக்குத் தமிழ் நன்றாகவே புரியும். பக்கத்தில் நிற்பவர் பெண்ணின் மாமாவாக இருக்கலாம். மாதக்கணக்கில் ஓடி ஓடி ஏற்பாடு செய்தவருக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு வலிக்கும்! சடங்கு சுருக்கமாக இருப்பதால் அதன் மதிப்பு குறைந்துவிடாது. தாலி ஏறும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

ரிசப்ஷன் விஷயத்திலும் குழப்பம் உண்டு. நம் பக்கம் பல இடங்களில் முதல் நாள் சாயங்காலமே ரிசப்ஷன் வைத்துவிடுகிறோம். அங்கே முதல் நாள் சாயங்காலம் வீட்டில் உறவுக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடுவார்கள். ரிசப்ஷன் பெரும்பாலும் தாலி கட்டிய பிறகு, மாப்பிள்ளை வீட்டார் வைப்பது. எந்த வீட்டுப் பத்திரிகை என்று பார்த்து, எதற்குக் கூப்பிட்டார்களோ அதற்குப் போங்கள்.

முஸ்லிம் வீட்டு நிக்காஹ் என்றால் மேடையில் பெண்ணைத் தேடாதீர்கள். பெண்ணின் தகப்பனாரும் மாப்பிள்ளையும் கை கோத்துச் செய்துகொள்ளும் ஒப்பந்தம் அது. சாப்பாடும் பல வீடுகளில் ஆண், பெண் தனித்தனி. கிறிஸ்தவக் கல்யாணத்தில் சர்ச்சுக்குள் மற்றவர்கள் எழுந்தால் எழுங்கள், நற்கருணை வாங்க மட்டும் வரிசையில் போகாதீர்கள். ரிசப்ஷனில் ஜெபம் முடிகிறவரை தட்டில் கை வைக்காமல் இருந்தால் போதும்.

மொய் நோட்டு எங்கே என்று மண்டபம் முழுக்க விசாரிக்க வேண்டாம். கவரில் பெயர் எழுதி, மேடையில் வாழ்த்தும்போது கொடுத்துவிடலாம். தாம்பூலப் பையையும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, சத்யைக்கு, அதாவது இலை போட்டுப் பரிமாறும் விருந்துக்கு வருவோம். தாலி ஏறிய கையோடு கூட்டம் சாப்பாட்டுக் கூடத்துக்கு நகரும், அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. இலையில் முதலிலேயே ஏத்தங்காய் உப்பேரி (நேந்திரங்காய் வறுவல்), சர்க்கரை உப்பேரி, புளியிஞ்சி, அவியல், ஓலன், காளன், தோரன் எல்லாம் வந்துவிடும். சோறு வரும் முன் காலி செய்யாதீர்கள். முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், அடுத்து சாம்பார். அதிலேயே வயிற்றை நிரப்பிவிட்டால் அடைப் பிரதமன், பாலடை என்று பாயசங்கள் அடுத்தடுத்து வரும்போது திண்டாட வேண்டும். பாயசம் வந்ததும் விருந்து முடிந்தது என்று நம்மவர்கள் எழுந்துவிடுகிறார்கள். பல இடங்களில் அதற்கப்புறம்தான் ரசமும் மோரும் வரும். அந்த ரசத்தைச் சாப்பிட்டால்தான் தித்திப்பு அடங்கும். அது முடிந்ததும் இலையை மூடிவிட்டு உடனே எழுந்துவிடுங்கள், அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னால் காத்திருப்பார்கள்.