மருத்துவக் கல்லூரி காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறீர்களா?

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் ஏப்ரல் 30-ஐக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். பல இடங்கள் கிடைத்தவர்கள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடும் நாள் அது. பட்டியல் பெரும்பாலும் அதையொட்டித்தான் நகரும். வகுப்பு தொடங்கும் வாரம்கூட அழைப்பு வரலாம்.

அதுவரை பத்து நிமிடத்துக்கொரு முறை மெயிலைத் திறந்து பார்ப்பது வீண் (நானும் பார்த்தவள்தான்). அந்தக் கல்லூரி மெயிலுக்கு மட்டும் தனி ஒலி வைத்துவிடுங்கள். ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒருமுறை பார்த்தால் போதும்.

அப்புறம், கல்லூரி அனுமதித்தால் ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம்: விண்ணப்பித்த பிறகு புதிதாகச் செய்தது என்ன என்று. "இடம் தந்தால் கட்டாயம் சேர்வேன்" என்ற வரியை மட்டும் ஒரே கல்லூரிக்குத்தான் எழுத வேண்டும். அடுத்த சுற்று விண்ணப்பம் மே மாதமே திறந்துவிடும். அதையும் கூடவே தயார் செய்துகொண்டிருங்கள்.