டன் கணக்கா, விலைக் கணக்கா? ஒயின் வாரியத்துக்குத் திராட்சை விவசாயிகளிடம் நிதி திரட்டும்போது நேரும் தவறுகள்

அமெரிக்காவின் மேற்குக் கரையில், வட்டாரத்து ஒயினுக்கும் திராட்சைக்கும் விளம்பரம் போன்ற பொதுவேலைகளைச் செய்யும் ஒயின் வாரியங்கள் பெரும்பாலும் தொழில்காரர்கள் கட்டும் பணத்தில்தான் ஓடுகின்றன. வாஷிங்டன் மாநில வாரியம் 1987இல் வந்தது, கலிஃபோர்னியாவின் லோடை வாரியம் 1991இல், ஒரிகன் வாரியம் 2003இல். நம்மூர் மண்டியில் மூட்டைக்கு இவ்வளவு என்று பிடிக்கும் மகமையைப் போன்றதுதான், ஆனால் சட்டப்படி கட்டாயம். கூட்டங்களில் சண்டையெல்லாம் விகிதத்தைப் பற்றியே நடக்கும். எதன் மீது கணக்கிடுவது, யார் கையால் பிடிப்பது என்ற இரண்டையும் யாரும் கவனிப்பதில்லை. பணம் ஒழுகுவது அங்கேதான்.

டன்னுக்கு ஒரே தொகை வைப்பது எளிது. ஒரிகனில் டன்னுக்கு 25 டாலர். டன் 2,500 டாலருக்கு விற்கும் திராட்சையில் அது 1 சதவீதம். 500 டாலருக்கு விற்கும் திராட்சையில் 5 சதவீதம். விலை வித்தியாசம் பெரிதாக உள்ள வட்டாரத்தில் இப்படி வைத்தால் மலிவு ரகம் போட்டவர்கள், வாரியம் வேண்டுமா என்று விவசாயிகளிடம் கேட்கும் முதல் வாக்கெடுப்பிலேயே எதிர்ப்பார்கள். லோடையில் மொத்த விற்பனை மதிப்பில் 0.45 சதவீதம். டன் 600 டாலருக்குப் போனால் 2.70 டாலர், 300க்கு இறங்கினால் 1.35. விவசாயிக்கு இது நியாயம். வாரியத்துக்கோ விளைச்சலும் விலையும் சேர்ந்து விழும் ஆண்டில் இரட்டை அடி. கலிஃபோர்னியாவில் 2023இல் சுமார் 37 லட்சம் டன் ஒயின் திராட்சை அரைபட்டது. 2024இல் சுமார் 28 லட்சம்தான். நல்ல ஆண்டின் வரவை வைத்து நிரந்தரச் சம்பளங்களை ஏற்றிவிட்டால் இந்தப் பள்ளத்தைத் தாண்ட முடியாது. அரையாண்டுச் செலவாவது கையிருப்பில் இருக்கட்டும்.

விலைக் கணக்கில் இன்னொரு ஓட்டை, சொந்தத் திராட்சையைச் சொந்த ஆலையிலேயே அரைப்பவர். விற்பனையே இல்லை, பில்லும் இல்லை. கூலிக்கு அரைக்கக் கொடுத்து ஒயினாக விற்பவரும் இதே சந்தில் நழுவிவிடுவார். மாநில அரசு ஆண்டுதோறும் வெளியிடும் அரவை அறிக்கையில் 17 வட்டாரங்களுக்கும் ரகவாரியாகச் சராசரி விலை உண்டு (லோடை 11ஆம் வட்டாரம்). அதையே விலையாக எடுத்துக்கொள்ளலாம் என்று விதியில் எழுதிவிட வேண்டும். எல்லா ரகத்துக்குமான மொத்தச் சராசரியை எடுக்காதீர்கள். ஜின்ஃபாண்டலுக்கும் கேபர்னேவுக்கும் ஒரே விலை போட்டால் ஒருவர் கட்டாயம் ஏமாறுவார்.

வசூலுக்கு வருவோம். நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குத் தனித்தனியாக பில் அனுப்புவது வீண்வேலை. முதலில் வாங்கும் ஆலையே பிடித்து, தோட்டத்தின் பெயர், விளைந்த இடம், ரகம், நிகர எடை, விலை ஆகியவற்றோடு வாரியத்துக்குக் கட்டட்டும். பிழைகள் வருவது எடைச்சீட்டில்தான். அமெரிக்க டன் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ. மெட்ரிக் டன்னோடு குழப்பினால் பத்து சதவீதம் தவறிப்போகும். தொட்டியின் எடையையும் இலை, குச்சிக் கழிவையும் கழித்த பிறகுள்ள எடைதான் கணக்கு. இடைத்தரகர் வாங்கி ஆலைக்கு மறுபடி விற்றால் இருவரும் பிடித்துவிடுவார்கள். 'பிடித்தம் ஆயிற்று' என்று சீட்டிலேயே குறித்தால் அந்தச் சிக்கல் வராது. அரைத்த ஊரை வைத்துக் கணக்கிடுவது இன்னொரு பிழை; விளைந்த ஊருக்குத்தான் பணம் சேர வேண்டும். ஆலை பிடித்துக்கொண்டு கட்டாமல் திவாலானால் விவசாயியிடம் இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்பதையும் ஆரம்பத்திலேயே எழுதிவையுங்கள். பலரும் மறப்பது இதைத்தான்.

வாக்கெடுப்பில் தலைக்கு ஒரு ஓட்டு என்று மட்டும் வைத்தால் சிறியவர்கள் சேர்ந்து பெரியவர்களை மடக்குவார்கள். டன்னுக்கு ஓட்டு என்றால் நாலைந்து பண்ணைகளே எல்லாவற்றையும் முடிவு செய்யும். தலைக்கணக்கு, எடைக்கணக்கு இரண்டிலும் தேற வேண்டும் என்று வைப்பதே நல்லது. லோடையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுவாக்கெடுப்பு உண்டு.

வழக்கைக் கிளப்புவது விளம்பரம். பிடிக்காத விளம்பரத்துக்குக் கட்டாயப் பணமா என்ற கேள்வியில் ஒரு காளான் நிறுவனம் 2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 2003இல் வாஷிங்டன் ஆப்பிள் வாரியத்தின் கட்டாயக் கட்டணத்தை ஃபெடரல் நீதிபதி செல்லாது என்றதும் அந்த வாரியம் வெகுவாகச் சுருங்கியது. மாட்டிறைச்சி வழக்கில் 2005இல், விளம்பரம் அரசின் சொந்தப் பேச்சாகவே இருந்தால் தடையில்லை என்று தீர்ப்பு வந்தது. உண்ணும் திராட்சை வாரியத்துக்குக் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 2018இல் சாதகமாகச் சொன்னதும் இதே அடிப்படையில்தான். ஆகவே விளம்பர வாசகத்தையும் வரவுசெலவுத் திட்டத்தையும் மாநில வேளாண் துறை பார்த்து ஒப்புதல் தந்ததற்குக் காகித ஆதாரம் இருக்க வேண்டும். வாய்மொழிச் சம்மதம் நீதிமன்றத்தில் உதவாது.

கடைசியாக, விவசாயி பணத்தில் ஆலையின் பெயரை மட்டும் வளர்ப்பது. திராட்சையில் 85 சதவீதமாவது அந்த வட்டாரத்தில் விளைந்திருந்தால்தான் பாட்டிலில் 'லோடை' என்று போடலாம். போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெறும் 'கலிஃபோர்னியா' என்று போட்டு விற்றால் ஊர்ப்பெயருக்குச் செலவழித்த பணம் தோட்டத்துக்குத் திரும்பாது. ஊர்ப்பெயர் பாட்டிலில் மறையாமலிருக்கக் கலிஃபோர்னியாவின் இன்னொரு ஒயின் மாவட்டமான சோனோமா சட்டத்தையே நாடியது: அந்த மாவட்டத்தின் உட்பகுதிப் பெயரைப் போடும் ஒயின், 2014 முதல் 'சோனோமா கவுன்டி' என்பதையும் சேர்த்துப் போட வேண்டும். லோடை வாரியமோ தோட்டப் பராமரிப்புக்கான 'லோடை ரூல்ஸ்' சான்றிதழை 2005இல் தொடங்கியது. வரவுசெலவு அறிக்கையில் இப்படிப்பட்ட தோட்டத்து வேலைகளுக்குத் தனித் தலைப்பு கொடுத்து, டன்னுக்கு எத்தனை சென்ட் அதற்குப் போனது என்று காட்டுங்கள்.