வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அறிவிப்பு போடும்போது

மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 1 முதல் 3 வரை படிநிலை ஒன்று, 4 முதல் 6 வரை படிநிலை இரண்டு. ஒரே சுற்றறிக்கை இரண்டுக்கும் பொருந்தாது. அதனால் முதல் வரியிலேயே யாருக்கு என்பதைப் போடுங்கள்: “ஆண்டு 2, வள்ளுவர் வகுப்பு மட்டும்.”

அடுத்து தேதியும் கிழமையும். “நாளை” என்று எழுதவே கூடாது. இரவு 11 மணிக்குப் போட்டதை மறுநாள் காலையில் படிக்கிற அம்மாவுக்கு, நாளை என்பது வேறு நாள். அப்புறம் நேரம், உடை, கொண்டுவர வேண்டியது, பணம், கடைசி நாள். இப்படி:

“12 மார்ச், வியாழன். காலை 7.20. விளையாட்டு உடை. தண்ணீர்ப் புட்டி. 5 ரிங்கிட், உறையில் பெயர் எழுதி. செவ்வாய்க்குள்.”

உறையில் பெயர் இல்லையென்றால் ஆசிரியர் மேசையில் யாருடையது என்று தெரியாத நோட்டுகள்தான் மிஞ்சும்.

மலாய்ச் சுற்றறிக்கையை அப்படியே படம் பிடித்துப் போட்டால் தாத்தா பாட்டிக்குப் புரியாது. கீழே இரண்டு வரி தமிழில் சேருங்கள்.

விடுமுறைச் செய்தியைப் பகிரும் முன் மாநிலத்தைப் பாருங்கள். பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம். கோலாலம்பூரில் விடுமுறை, பினாங்கில் இல்லை. ஜூலை 7 ஜார்ஜ்டவுன் பாரம்பரிய தினம் பினாங்குக்கு மட்டும். உறவினர் அனுப்பினார் என்பதற்காக அப்படியே தள்ளிவிட்டால், மறுநாள் பாதி வகுப்பு காலியாக இருக்கும்.

“நன்றி டீச்சர்” நாற்பது வந்தால் அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும். அறிவிப்பு நாட்களில் நிர்வாகி மட்டும் எழுதும்படி குழுவை மாற்றிவிடலாம். குழந்தையின் மதிப்பெண், நோய், கட்டணப் பாக்கி எதுவும் குழுவுக்கு வேண்டாம். அவையெல்லாம் ஆசிரியரிடம் தனியாக.