தோட்டத்துக்குச் சுடுமண் உருவம் செய்கிறீர்களா?

குந்தி உட்கார்ந்து நத்தையைப் பார்க்கும் குழந்தை, கையில் இலையை ஏந்திய சிறுமி மாதிரி உருவங்களில் முகத்துக்குக் காட்டும் அக்கறையை உள்கூட்டுக்கும் காட்டுங்கள். உள்ளே கூடாக இருக்கட்டும். சுவர் எங்கும் ஒரே கனம், சுமார் 1 செ.மீ. கழுத்து மெலிந்து தோள் தடித்திருந்தால் மெலிந்த இடம் முந்திக் காய்ந்து சுருங்கும். இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விழும். மண்ணில் 20–25% சுட்ட மண் பொடி கலந்தால் சுருக்கம் குறையும். அடியில் பென்சில் நுழையும் அளவுக்குத் துளை கட்டாயம் வேண்டும். சூளையில் அது ஆவிக்கு வழி, பின்னாளில் மழைநீருக்கு.

பாலிதீனால் தளர்வாகப் போர்த்தி 2, 3 வாரம் காயவிடுங்கள். கன்னத்தில் ஒற்றிப் பார்த்தால் ஜில்லென்றிருக்கிறதா? உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சுடும்போது 100 டிகிரி செல்சியஸைத் தொடும் முன் சில மணி நேரம் நிறுத்தி வையுங்கள். உருவங்கள் வெடிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்து அவசரத்தால்தான். 573 டிகிரியை ஒட்டி, மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென விரியும், ஆறும்போது சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே நிதானம்.

வெயில் மழையில் நிற்க, ஸ்டோன்வேர் மண்ணை (உயர் வெப்பத்தில் கல் மாதிரி இறுகும் களிமண்) அதற்குரிய முழு வெப்பத்தில் சுட வேண்டும். பொதுவாக 1200–1260 டிகிரி. சுட்ட துண்டு ஒன்றை எடை போட்டு, ஒரு நாள் ஊறவைத்து, துடைத்து மறுபடி எடை போடுங்கள். 100 கிராம் 103-ஐத் தாண்டினால், நீர் உறையும் குளிருள்ள இடத்தில் அதை வெளியே வைக்காதீர்கள்.

குவித்த உள்ளங்கையிலும் தண்ணீர் தேங்கும், விரலிடுக்கில் சிறு வடிகால் விடுங்கள். நேராக மண்ணில் வைக்காமல் கூழாங்கல் பரப்பி நிறுத்துங்கள். செடி பாதி மறைத்தால் இன்னும் நல்லது. இலையை விலக்கிக் கண்டுபிடிக்கும் சந்தோஷம் குழந்தைகளுக்குக் கிடைக்கும்.